கையில் இல்லாத திறப்பு: மின் மோட்டார் சைக்கிளும் தொலைக்காவலும்

பெற்றோலில் ஓடும் சாதாரண மோட்டார் சைக்கிளின் பூட்டு என்பது உண்மையில் இரண்டு சிறிய உலோக ஏற்பாடுகளே ஆகும்: திறப்பைத் திருப்பும்போது இரண்டு கம்பிகளை இணைக்கும் ஒரு சுவிட்ச், கைபிடியைத் திருப்ப விடாமல் குறுக்கே நிற்கும் விரலளவு தடித்த ஒரு முளை. முளையை ஓங்கி முறித்துக் கம்பிகளை இணைக்கத் தெரிந்தவருக்கு இயந்திரம் யாருடையது என்பது ஒரு பொருட்டல்ல. அது எவர் கையிலும் ஒரே விதமாக இயங்கும். மின்சாரத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளில் இந்த நிலைமை அடியோடு மாறுகிறது. அதன் கைபிடியைத் திருகும்போது மோட்டாருக்கு நேரடியாக எதுவும் செல்வதில்லை; திருகியவர் இவ்வளவு வேகம் கேட்கிறார் என்ற செய்தி மட்டுமே இடையிலுள்ள கட்டுப்பாட்டுக் கணினிக்குச் செல்கிறது; மின்கலத்திலிருந்து எவ்வளவு மின்னோட்டத்தை எந்த நொடியில் மோட்டாரின் எந்தச் சுருளுக்கு விட வேண்டும் என்பதை அக்கணினியே தீர்மானிக்கிறது. ஆகவே, திருட வந்தவர் கம்பிகளை இணைப்பதால் பயனில்லை. கணினி அவருக்குக் கீழ்ப்படிய மறுக்கும் வரை வண்டி ஓடாது. இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான், கைத்தொலைபேசியிலிருந்தே வண்டியைப் பூட்டுவது, அசைத்தால் எச்சரிக்கை பெறுவது, அது நிற்கும் இடத்தை வரைபடத்தில் பார்ப்பது ஆகிய வசதிகள் அனைத்தும் கட்டப்பட்டுள்ளன.

மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரதேசத்தில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே அமைந்த அடம்பன் போன்ற ஊர்களில், மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளாக இருந்ததே இல்லை. வயலுக்கு உரம் ஏற்றுவதும், பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும், மன்னார் நகருக்கு அலுவலாகப் போய் வருவதும் அதிலேயே நடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், கியூ.ஆர். குறியீட்டு அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த வாரப் பங்கு 4 லீற்றர் மட்டுமே என்பதை இப்பகுதி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். மின் வண்டி பற்றிய பேச்சு பரவலாகியது அப்போதுதான். ஆனால் 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு நீங்கியது. ஆசை ஒரு பக்கமும் சந்தை மறு பக்கமுமாக நின்ற அந்த ஆண்டுகளிலேயே, மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 100 மெகாவாற் தம்பபவனி நிலையம் சுழன்றுகொண்டிருந்தது என்பது இங்கு ஒரு சிறு முரண்.

இத்தகைய வண்டிகளின் தொழில்நுட்பம் நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெருமளவில் திரண்டிருப்பது கவனிக்கத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் சுவப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய ஏதர் நிறுவனத்தின் தொழிற்சாலை ஓசூரில் உள்ளது, டி.வி.எஸ். நிறுவனம் 2020 ஜனவரியில் வெளியிட்ட ஐகியூப் அதே ஊரைச் சேர்ந்தது. ஓலாவின் பெரிய தொழிற்சாலை போச்சம்பள்ளியில் எழுந்தது. 2018இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த ஏதர் 450, தொடுதிரையும் தன்னகத்தே சிம் அட்டையும் கொண்டிருந்தமையால், வண்டியை விற்ற பிறகும் அதன் மென்பொருளை நிறுவனம் தொலைவிலிருந்தே புதுப்பிக்கலாம் என்ற எண்ணத்தை இந்திய வாங்குநரிடையே பழக்கப்படுத்தியது. இலங்கைச் சந்தைக்கு வருவதாக அந்நிறுவனம் 2024 இறுதியில் அறிவித்தது. இங்கு ஏற்கனவே யாடியா போன்ற சீனத் தயாரிப்புகளும் விற்பனையில் உள்ளன. அமெரிக்காவில் சீரோ நிறுவனத்தின் எஸ்.ஆர்.எப். வண்டியும், ஹார்லி டேவிட்சன் வெளியிட்ட லைவ்வயரும் 2019இலேயே கைத்தொலைபேசி வலையமைப்புடன் இணைந்து வந்தன.

இருக்கைக்கு அடியிலோ முன்புற உறைக்குள்ளோ பொருத்தப்படும் தீப்பெட்டி அளவிலான ஒரு தொடர்புப் பெட்டியே இவ்வசதிகளின் இருதயம். அதனுள் கைத்தொலைபேசிக் கோபுரத்துடன் பேசும் ஒரு வானொலிக் கருவி, செய்மதிச் சைகைகளைக் கேட்டு இடத்தைக் கணிக்கும் ஜி.பி.எஸ். வாங்கி, அருகில் உள்ள தொலைபேசியுடன் பேசும் புளூடூத், அசைவை உணரும் முடுக்கமானி ஆகியவை இருக்கும். முடுக்கமானி என்பது சிலிக்கன் சில்லுக்குள் மிக நுண்ணிய ஒரு திணிவு தொங்கவிடப்பட்ட அமைப்பு. வண்டி சாய்ந்தாலோ இழுக்கப்பட்டாலோ அத்திணிவு மயிரிழையளவு இடம்பெயர்வதை மின்சைகையாக அது மாற்றித் தருகிறது. பூட்டிய வண்டி அசைந்தது என்ற செய்தி பெட்டியிலிருந்து கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து நிறுவனத்தின் தொலைக்கணினிக்கும், அங்கிருந்து உரிமையாளரின் செயலிக்கும் செல்கிறது. வரப்பில் நின்று நாற்று நடுவதை மேற்பார்க்கும் ஒருவரின் வண்டி தெருவோரத்தில் அரை மைல் தள்ளி நிற்கும்போது, இந்த நீண்ட சுற்று ஒருசில நொடிகளில் முடிந்தால் மட்டுமே பயன் உண்டு.

எந்த அசைவைத் திருட்டாகக் கொள்வது என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பக்கக்காலில் நிற்கும் வண்டியை ஒரு பலத்த வீச்சே ஆட்டிவிடும்; மேயும் மாடு முதுகைத் தேய்த்துப் போகும். சிறு அசைவுக்கெல்லாம் தொலைபேசி அலறினால் மூன்றாம் நாளே உரிமையாளர் அறிவிப்பை நிறுத்திவிடுவார். அதன் பிறகு பூட்டு இருப்பதும் இல்லாததும் ஒன்றே. எனவே நல்ல மென்பொருள் ஒற்றை அதிர்வைப் புறக்கணித்து, சாய்வின் கோணம், அது நீடித்த நேரம், சக்கரம் உருண்டதா என்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கிறது. வண்டியின் தரத்தை அளக்க விரும்புவோர் விளம்பரத்தில் வரும் வசதிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் இந்த நுட்பத்தையே முதலில் சோதிக்க வேண்டும்.

அசைவை அறிந்த பின் வண்டி என்ன செய்கிறது என்பது இன்னும் சுவையானது. நிலைக்காந்தம் பொருத்திய மோட்டாரின் சுருள்களை ஒன்றோடொன்று குறுக்கே இணைத்துவிட்டால், சக்கரத்தை யாரேனும் உருட்டும்போது சுருள்களில் தூண்டப்படும் மின்னோட்டம் அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். பாடசாலை இயற்பியலில் வரும் லென்சின் விதி இதுதான். சில வண்டிகளில் கட்டுப்பாட்டுக் கணினி ஒரு படி மேலே போய், மின்கலத்தின் சக்தியைக்கொண்டு சக்கரத்தை இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்துகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது இதனால் பெரும்பாடாகிறது. எனினும் இருவர் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஒரு சிறிய லொறியில் ஏற்றிவிட்டால் சக்கரத்தின் எதிர்ப்பு எதற்கும் உதவாது, ஜி.பி.எஸ்.ஸின் வேலை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

ஜி.பி.எஸ். பற்றிய பொதுநம்பிக்கை சற்று மிகையானது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் சைகைகள் தரையை அடையும்போது மிக மெலிந்திருக்கும். இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செய்மதிகளேனும் தெரிய வேண்டும். தகரக் கொட்டிலுக்குள் வண்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினாலே வாங்கிக்குக் காது கேட்காமல் போகலாம். அப்போது செயலி காட்டுவது வண்டி கடைசியாக வானத்தைப் பார்த்த இடத்தை மட்டுமே. மற்றொரு வரம்பு மின்சாரம். வண்டியின் பெரிய மின்கலம் நிறுத்தியவுடன் பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்படுவதால், தொடர்புப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ற் சிறு மின்கலத்தில் உயிர்வாழ்கிறது. பெட்டி இடைவிடாமல் 20 மில்லியம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால் நாளொன்றுக்கு அரை அம்பியர்-மணி கரையும். 5 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிறு மின்கலம் பத்து நாளில் வெறுமையாகிவிடும். அதே பெட்டி பெரும்பாலான நேரம் உறங்கி, சராசரி 2 மில்லியம்பியரில் இருந்தால் மூன்று மாதம் கடந்தும் தாங்கும். வெளியூர் போய் வருவோர் வண்டி காவலில் இருக்கிறது என்று எண்ணும்போது, காவலாளி பசியால் மயங்கிக் கிடப்பதும் நேரக்கூடும் என்பதற்கு இக்கணக்கு போதும்.

வலையமைப்பின் கதை தனி. சமதரை, ஆங்காங்கே பனை, பரந்த வயல் என்று கிடக்கும் மன்னார் நிலம் வானொலி அலைகளுக்கு இடையூறு குறைந்ததுதான். ஆனால் கோபுரத்திலிருந்து தூரம் கூடக்கூடச் சைகை மெலியும் என்ற விதியிலிருந்து எந்த நிலமும் தப்புவதில்லை. நீரைத் தாண்டினால் அலைகள் எல்லையையும் மதிப்பதில்லை: தனுஷ்கோடி முனையில் இந்தியத் தொலைபேசிகள் இலங்கை வலையமைப்பைப் பிடித்து வரவேற்புச் செய்தி பெறுவது பலரும் அறிந்த வேடிக்கை. வண்டியின் சிம் எந்த நிறுவனத்தினுடையது, அந்த நிறுவனத்தின் கோபுரம் தன் வீட்டருகே எட்டுகிறதா, இலவசக் காலம் முடிந்ததும் ஆண்டுச் சந்தா எவ்வளவு என்ற மூன்றையும் வாங்குமுன் கேட்க வேண்டும். ஏனெனில் அந்தச் சிம்மை மாற்றும் உரிமை உரிமையாளருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. தொழில்நுட்பத் தலைமுறைகளும் சாகின்றன: அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 2022 பெப்ரவரியில் 3ஜி சேவையை மூடியபோது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பல கார்களின் தொலைத்தொடர்பு வசதிகள் ஊமையாயின.

அதைவிடவும் கவலைக்குரியது நிறுவனமே மறைந்துபோவது. செயலியால் பூட்டித் திறக்கும் மின் மிதிவண்டிகளை விற்ற ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப் நிறுவனம் 2023 ஜூலையில் திவாலானது. அதன் தொலைக்கணினிகள் அணைந்தால் தம் வண்டியைத் தாமே திறக்க முடியாது என்ற அச்சத்தில் உரிமையாளர்கள் தவித்தனர். அவர்களின் எண்ணிமத் திறப்பை, அதாவது வண்டி அடையாளம் காணும் இரகசிய எண்களை, தொலைபேசியிலேயே சேமித்து வைக்க உதவும் ஒரு செயலியைப் போட்டி நிறுவனமான கவ்பாய் அவசரமாக வெளியிட்டது. அவ்வாண்டே வான்மூஃபை வேறொரு நிறுவனம் வாங்கிக் காப்பாற்றியது எனினும், அது கற்பித்த பாகுபாடு நிலைத்து நிற்கிறது: வண்டிக்கும் தொலைபேசிக்கும் நேரடியாகப் புளூடூத்தில் நடக்கும் பூட்டல் வேறு, எங்கோ இருக்கும் கணினியின் அனுமதியைக் கேட்டு நடக்கும் பூட்டல் வேறு. வலையமைப்புத் தடுமாறும் ஊருக்கு முன்னதே உயிர். பின்னது கிடைக்கும்போது அனுபவிக்க வேண்டிய கூடுதல் வசதி.

நேரடி இணைப்பும் தானாகப் பாதுகாப்பானது ஆகிவிடாது. சியோமி எம்365 என்ற நின்றோட்டும் மின் ஸ்கூட்டரில் இருந்த குறையை 2019 பெப்ரவரியில் சிம்பீரியம் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளிப்படுத்தியது. கடவுச்சொல்லைச் செயலி மட்டுமே சரிபார்த்தது, ஸ்கூட்டர் சரிபார்க்கவில்லை. ஆதலால் 100 மீற்றர் வரையிலான தொலைவிலிருந்து அந்நியர் ஒருவர் அதைப் பூட்டவும், திடீரென நிறுத்தவும், வேகப்படுத்தவும் முடிந்தது. வாசலில் காவலாளியை நிறுத்தாமல், வருபவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளட்டும் என்று விட்டதற்கு இது ஒப்பாகும். முறையான வண்டியில் வினா–விடை முறை கையாளப்படுகிறது: வண்டி ஒவ்வொரு தடவையும் புதிய எண்ணொன்றைத் தொலைபேசிக்கு அனுப்பும்; தொலைபேசி தன்னிடமுள்ள இரகசியத்தால் அதை மாற்றித் திருப்பி அனுப்பும்; வண்டி தானும் கணித்து ஒப்பிட்டுப் பார்க்கும். இடையில் ஒட்டுக்கேட்டவரிடம் இருப்பது நேற்றைய விடை. இன்றைய வினாவுக்கு அது பொருந்தாது.

வண்டியைத் தொலைவிலிருந்து நிறுத்தும் அதிகாரம் கத்தியைப் போன்றது. ஓடும் வண்டியின் சக்தியைத் திடீரெனத் துண்டித்தால் திருடரோடு பின்னால் வரும் அப்பாவியும் விழக்கூடும். ஆகவே பொறுப்பான வடிவமைப்பில் கட்டளை வந்தாலும் வண்டி நின்ற பிறகே, மறுபடி கிளம்ப மறுக்கும் வகையில் தடை செயற்படும். இடத்தகவலும் இருமுனை கொண்டது. வண்டி எங்கே நிற்கிறது என்பது, அதை ஓட்டும் மகளோ மனைவியோ எங்கே போனார் என்பதும் ஆகும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த முயல்கிறது. ஒரே வீட்டுக்குள் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வோரிடையே எழும் கேள்விகளை எந்தச் சட்டமும் எளிதில் தீர்க்காது.

திருடரின் கண் முழு வண்டியில் அல்லாமல் அதன் மின்கலத்தில் விழுவதும் இயல்பு. வண்டியின் விலையில் பெரும்பங்கு அதிலேதான் அடங்கியுள்ளது, கழற்றிச் சுமந்து செல்லும் வகையில் அமைந்த மின்கலங்களும் பல. இதற்கு நல்ல மருந்து, மின்கலத்தின் உள்ளே இருக்கும் மேலாண்மைச் சுற்று தான் எந்த வண்டிக்குரியது என்று அறிந்து, வேறொரு வண்டியில் மாட்டினால் மின்சாரம் தர மறுப்பது. இதற்கு வலையமைப்பும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். ஆனால் இதே ஏற்பாடு, பழுதான மின்கலத்தைச் சொந்த ஊர்த் திருத்துநரிடம் மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தையும் பறிக்கும். நிறுவனத்தின் சேவை நிலையம் தொலைவில் இருக்கும் ஊர்களில் திருட்டைவிட இது அடிக்கடி வரும் தொல்லையாகலாம்.

இலங்கைக்கே உரிய ஒரு சிக்கல் கைமாற்று விற்பனையில் காத்திருக்கிறது. பெயர் மாற்றாமல், விற்றவர் கையெழுத்திட்ட பத்திரத்தை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும் ‘ஓபன் பேப்பர்’ வழக்கம் இங்கு நெடுங்காலமாக உள்ளது. பெற்றோல் வண்டியில் இதனால் வரும் தொல்லை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தோடும் பொலிசாரோடும் நின்றுவிடும். இணைப்புள்ள மின் வண்டியிலோ, நிறுவனத்தின் பதிவில் பழைய உரிமையாளரின் கணக்கே நீடிக்கும் வரை, அவருடைய தொலைபேசியில் வண்டி நிற்கும் இடம் தெரியும், அசைந்தால் எச்சரிக்கை போகும், மனம் வைத்தால் அவரால் பூட்டவும் முடியும். பணம் கொடுத்து வாங்கியவர் உண்மையில் திருட்டுக்கு ஆளானாலும், எச்சரிக்கை மணி மூன்று கை தள்ளி வேறொருவரின் சட்டைப்பையில் ஒலிக்கும். ஆகவே, பழைய மின் வண்டி வாங்குபவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதோடு, விற்பவர் தம் கணக்கிலிருந்து வண்டியை நீக்குவதையும், தம் தொலைபேசியில் அது புதிதாகச் சேர்வதையும், பழைய திறப்பும் பழைய கடவெண்ணும் அதை இனித் திறக்காதிருப்பதையும், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அதே முற்றத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.