போடியில் ஒரு முருகன், உடும்பன்சோலையில் ஒரு முருகன்: இருவரும் ஒருவரா?

2021 மார்ச் கடைசி. கேரளச் சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மாநிலத்தில் 4.34 லட்சம் இரட்டை வாக்குகள் இருப்பதாகச் சொல்லி, அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா அந்தப் பெயர்களை ஓர் இணையதளத்திலேயே ஏற்றினார். தேர்தல் ஆணையம் கேரள உயர் நீதிமன்றத்தில் சொன்ன கணக்கோ 38,586. பட்டியல் ஒன்றுதான், விடைகளுக்கு இடையே பதினொரு மடங்கு இடைவெளி. பாலக்காடு மாவட்டம் ஒற்றப்பாலத்தில் நிஜமான இரட்டைச் சகோதரர்களும் அந்த இணையதளத்தில் கள்ள வாக்காளர்களாக வந்து நின்றார்கள். முகச்சாயல், வயது, தந்தை பெயர், வீடு என எல்லாம் ஒத்துப்போன இரண்டு தனி மனிதர்கள் அவர்கள்.

புகாரே பொய் என்று சொல்லிவிட முடியாது. இடுக்கி எல்லையில் இது பழைய சிக்கல். போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதி மக்கள் தலைமுறைகளாக ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் போய்த் திரும்புவோரும் உண்டு, எஸ்டேட் லயத்திலேயே குடியிருந்து திருவிழாவுக்கு மட்டும் கீழே இறங்குவோரும் உண்டு. கீழே சொந்த வீடு, மேலே பிழைப்பு. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் வட்டாரங்களுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில் மலைகூட இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை தாண்டியே நடக்கிறது. ஆகவே ஒருவர் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் ஏறிவிடுவது எளிது. அதில் மோசடி நோக்கம் இருக்கலாம். பழைய ஊரில் பெயரை நீக்கச் சொல்ல மறந்ததாகவும் இருக்கலாம். சட்டம் ஒரு தொகுதியில் மட்டுமே பெயர் இருக்க அனுமதிக்கிறது (1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 17). சொந்த வீடு இருப்பதால் மட்டும் அந்த ஊர்க்காரர் ஆகிவிட முடியாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது.

சரி, இரண்டு பட்டியல்களையும் கணினியில் போட்டால் தெரிந்துவிடாதா? அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு, போடி இருக்கும் தேனி மாவட்டத்துப் பட்டியலில் 'ப. முருகன், தந்தை பழனிச்சாமி, வயது 47' என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலைப் பட்டியலில் அவரே 'முருகன் பி., வயது 49' ஆகியிருக்கலாம். நம் பக்கம் இனிஷியல் முன்னால் வரும், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். அங்கே அந்த எழுத்து வீட்டுப் பெயரையும் குறிக்கலாம். திருமணமான பெண்ணுக்கு ஒரு பட்டியலில் அப்பாவின் எழுத்து, இன்னொன்றில் கணவரின் எழுத்து. 'பாக்கியம்' என்ற பெயரின் முதல் எழுத்துக்குத் தமிழில் ஒரே 'ப'. மலையாளத்தில் அந்த ஒலி வரிசைக்கு நான்கு எழுத்துகள், எழுதுபவர் எதையும் தேர்ந்தெடுக்கலாம். பழைய தொழிலாளர்கள் பலருக்கு வயதே உத்தேசம்தான். முகவரியை நம்பலாம் என்றால், லயத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் ஒரே எஸ்டேட் பெயர்.

இதற்கான கணிதத்தை 1969இல் ஐவன் ஃபெல்லெகி, ஆலன் சன்டர் என்ற இருவர் வகுத்தார்கள். எல்லா ஒற்றுமைக்கும் ஒரே மதிப்பு கிடையாது என்பது அதன் அடிப்படை. 'முருகன்' என்ற பெயர் ஒத்துப்போனால் அதற்கு மதிப்பு குறைவு, ஏனென்றால் ஊருக்குப் பத்து முருகன். அரிதான பெயர் ஒத்துப்போனால் மதிப்பு அதிகம். பெயர், தந்தை, வயது, பால், ஊர் என ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் மதிப்பைக் கூட்டிப் பார்த்தால், சில சோடிகள் நிச்சயமாக ஒரே ஆள், சில நிச்சயமாக வேறு ஆள். நடுவில் ஒரு பெரும் கூட்டம் எஞ்சும். அந்தக் கூட்டத்தைக் கணினி தீர்மானிக்கக் கூடாது, மனிதர் பார்க்க வேண்டும் என்று அந்த இருவரே தனி இடம் ஒதுக்கினார்கள். எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து 38,586 வரும், 4.34 லட்சமும் வரும். எண் எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன், அந்த நடுக்கூட்டத்தை யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டதற்கான விலையை உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் சேர்ந்து 'கிராஸ்செக்' என்ற திட்டத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிட்டன. அதன் ஒரு நீக்கல் முறையைப் பின்பற்றினால், ஓர் இரட்டை வாக்குக்கு ஈடாக, முறையாக வாக்களித்த சுமார் 300 பதிவுகள் அடிபடும் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தெலங்கானாவில் 2015இல் ஆதாரோடு வாக்காளர் பட்டியலை இணைக்கும் வேலை நடந்தது. உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பின் அது நின்றது. அந்த வேலையின்போது பெயர்கள் நீங்கின என்ற புகாருக்கு நடுவே, 2018 டிசம்பர் தேர்தலன்று ஏராளமானோர் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பினார்கள், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். வாக்கு போன பிறகு மன்னிப்பால் என்ன பயன்?

வாக்காளர் அடையாள அட்டை எண்ணும் முழுக் காப்பு அல்ல. வெவ்வேறு மாநிலங்களில் இருவருக்கு ஒரே எண் இருப்பதை 2025 மார்ச்சில் ஆணையமே ஒப்புக்கொண்டது. எண் ஒன்று என்பதால் ஆள் ஒன்றாகிவிடாது என்றும் விளக்கியது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2025 நவம்பர் 4 முதல் ஒரே நேரத்தில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்த முடிச்சை இன்னும் இறுக்கியது. இப்போதைய பெயரை இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோடோ பெற்றோர் பெயரோடோ இணைத்துக் காட்ட வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து சமவெளியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பழைய வரி எந்த மாநிலத்தில், எந்த மொழியில், எந்த எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது? டிசம்பர் 19 அன்று வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் இரட்டைப் பதிவு என்று நீக்கப்பட்டவை சுமார் 3.39 லட்சம். இறந்தவர்களையும் உண்மையான இரட்டைப் பதிவுகளையும் நீக்கத்தான் வேண்டும். ஆனால் பெயர் பொருந்தவில்லை என்ற குறையைத் தோட்டத் தொழிலாளி தலையில் கட்டி, ஒரு நாள் கூலியை விட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வைப்பது நியாயமில்லை. ஒப்பிட்டது அரசின் கணினி, வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டியதும் அரசின் ஆள். தேனி, இடுக்கி வாக்குச்சாவடி அலுவலர்கள் இருவரும் பட்டியல்களோடு ஒரே லயத்தில் உட்கார்ந்தால் ஒரு காலைப் பொழுதில் தீரக்கூடிய சந்தேகங்களே அதிகம்.

குடிமாறியவர் பெயரை மாற்றிக்கொள்ளப் படிவம் 8 கொடுக்கலாம். இரு இடத்திலும் பெயர் இருப்பவர் ஓர் இடத்தில் நீக்கக் கேட்கப் படிவம் 7 இருக்கிறது. தவறாக நீக்கப்பட்டவர் பதிவு அலுவலரின் முடிவை எதிர்த்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் தீராவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.