வீட்டு வேலை வேறு, நடை வேறு

"காலம்பறலேர்ந்து நின்னுண்டேதானே இருக்கேன், இதுக்கு மேல எதுக்கு வாக்கிங்?" மயிலாப்பூர் வீடுகளில் அறுபது தாண்டிய பெண்களிடம் அடிக்கடி கேட்கும் பதில் இது. அவர்கள் உழைப்பது உண்மை. ஆனால் அடுப்படியில் நின்று செய்யும் வேலையில் பெரும்பாலும் கால்தான் வலிக்கிறது; லேசாக மூச்சு வாங்கும் அளவுக்கு இதயம் உழைப்பதில்லை.

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் ஏறுகின்றன, இரத்தக் குழாய்கள் விறைக்கின்றன. இதயம் நன்றாகச் சுருங்கியும் தளர்ந்து விரிய முடியாததால் வரும் இதயச் செயலிழப்பு வயதான பெண்களிடம்தான் அதிகம். மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால் "வயசாயிடுத்து" என்று தள்ளிவிடாதீர்கள்.

பத்தாயிரம் காலடி என்ற கணக்கைக் கேட்டே பலர் மலைத்துப்போகிறார்கள். 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. சராசரி வயது 72 கொண்ட 16,741 அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்குமேல் பலன் கூடவில்லை. நடை மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாதுதான். ஆனால் 4,400 காலடி என்பது சுமார் மூன்று கிலோமீட்டர். வீட்டுக்குள் நடப்பதும் அதில் சேரும். எனக்கு இது பெரிய ஆறுதல்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுவே அளவு. சில இரத்த அழுத்த மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடா; அவற்றை எடுப்பவர்கள் கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். நடையோடு, கால் வலுவுக்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், மூச்சை அடக்காமல். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள் விடியற்காலை வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கலாம். முன்பே மாடி ஏறும்போது மயக்கமோ நெஞ்சு இறுக்கமோ வந்திருந்தால், இதய வால்வு சுருங்கியிருக்கிறதா என்று எக்கோ பார்த்த பிறகே பயிற்சி. 2024 பிப்ரவரியில் திறந்த கிண்டி தேசிய முதியோர் நல மருத்துவமனையில் காட்டலாம்.

பெண்களுக்கு மாரடைப்பு தாடை வலியாக, முதுகு வலியாக, குமட்டலாக, காரணமில்லாத அசதியாகவும் வரும். வீட்டில் அதை வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து நேரம் கடத்துகிறோம். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. உடனே 108. மருத்துவமனைக்குப் போனதும் முதல் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. தயங்காமல் கேளுங்கள். அரசு மருத்துவமனை அவசர சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமை மீறல் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ மன்ற விதிகள்.

இத்தனையும் தெரிந்தும் பலர் வெளியே வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை, விழுந்துவிடும் பயம். நாகேஸ்வரராவ் பூங்காவுக்குள் நடப்பது சுலபம். லஸ் முனையைக் கடந்து அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வந்தபோது அங்கே வயதானவர்களாலும் நிதானமாக நடக்க முடிந்தது. தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடைந்த சிமென்ட் பலகை, நடைபாதையில் நிற்கும் பைக், எரியாத தெருவிளக்கு எதுவானாலும் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு நடைக் காலணி வாங்கித் தரும் பிள்ளைகளே இந்த அழைப்பையும் செய்யலாம்.