உங்களுக்குத் தெரியுமா? ‘மறதி இருக்கா?’ என்று யாரைக் கேட்பது

● நடுக்குவாதத்தை 1817-இல் விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், இந்த நோய் புத்தியைத் தொடாது என்றே நினைத்தார். ஆனால் இன்று உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் பார்க்கின்சன் அளவுகோல் 2008-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன் முதல் கேள்வியே கை நடுக்கத்தைப் பற்றியது அல்ல. கடந்த ஒரு வாரத்தில் ஞாபகம் வைத்துக்கொள்வதிலோ, பேச்சைப் பின்தொடர்வதிலோ, வழி கண்டுபிடிப்பதிலோ சிரமம் இருந்ததா என்பதுதான். நோயாளி சொல்வதோடு, பார்த்துக்கொள்பவர் சொல்வதையும் கேட்டுத்தான் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள்.

● ஏன் இரண்டு பேர்? மனச்சோர்வில் இருப்பவர் இல்லாத மறதியையும் பெரிதாகச் சொல்வார். நோய் முற்றியவரோ, “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பார். பொய் சொல்லவில்லை, தன் குறையை உணரும் திறனையும் நோய் தின்றுவிடுகிறது. இருவர் பதிலுக்கும் இடையே உள்ள இடைவெளியே மருத்துவருக்கு ஒரு தடயம்.

● மறதிநோயைக் கண்டறிய அமெரிக்காவில் 2005-இல் வந்த, வீட்டாரிடம் கேட்கும் ‘ஏடி8’ அளவுகோலில் எட்டே கேள்விகள். இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தாலே மேல்பரிசோதனை. அது கேட்பது மாற்றத்தை மட்டும். பிறந்ததிலிருந்தே கணக்கு வராதவருக்கு இப்போதும் வரவில்லை என்றால், அது கணக்கில் சேராது.

● வீட்டார் சொல்வதை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? நம் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களே சாட்சி. ‘10/66’ என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 1998-இல் கொச்சியில் உருவானது. அதன் கணக்கெடுப்பு 2008-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அன்றைய அமெரிக்க வரையறைப்படி பார்த்தால் கிராமப்புற இந்தியாவில், அதாவது வேலூர்ப் பகுதியில், 65 வயதைக் கடந்தவர்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் மறதிநோய். அதே மக்களை அந்தக் குழுவின் சொந்த முறையில் அளந்தபோது பல மடங்கு அதிகம். முதியவர்கள் கிராமத்துத் தண்ணீரால் தப்பித்துவிடவில்லை. அன்றாட வாழ்க்கை கெட்டுப்போயிருக்கிறது என்று வீட்டார் சொன்னால்தான் பழைய வரையறையில் அது நோய். தட்டில் சோறு போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் வீட்டில், “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

● நகரத்து மருத்துவமனையில் நினைவுச் சோதனை என்றால் ‘கனசதுரம் வரை, கடிகாரம் வரை’ என்பார்கள். பென்சிலே பிடிக்காத கைக்கு அது நியாயமா? ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் எழுதப்படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகவே ஒரு கேள்விப்பட்டியல் தயாரித்தார்கள். சாப்பிட்டதை மறக்கிறாரா, தீபாவளி, ஹோலி நினைவிருக்கிறதா, சொல்லியனுப்பிய சேதியைச் சேர்க்கிறாரா, ஊருக்குள் வழி தெரிகிறதா: இப்படி, வீட்டாரிடம் கேட்பது.

● ஆனால் நம் ஏற்காட்டுக்கு ஹோலி எதற்கு? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி வீடுகளில் கேட்க வேண்டியவை வேறு. மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழா என்பது ஞாபகமிருக்கிறதா? சந்தையில் மிளகு விற்ற காசை எண்ணி வாங்குகிறாரா? மூடுபனி இல்லாத நாளிலும் ஒத்தையடிப் பாதையில் தடுமாறுகிறாரா? காப்பி பறிப்பில், பார்வை நன்றாக இருந்தும், சிவந்த பழத்தோடு பச்சைக் காயையும் உருவிப் போடுகிறாரா? முப்பது வருடம் பறித்த விரலுக்கு அது புதுப் பழக்கம் என்றால் கவனிக்க வேண்டும். இவை நான் சேர்க்கச் சொல்லும் கேள்விகள். அளவுகோலாக வேண்டுமானால் முறைப்படி சோதித்துப் பார்க்க வேண்டும்.

● 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். வந்த கையோடு மறதியைப் பற்றியும் நாலு வார்த்தை கேட்டால் செலவு ஒன்றும் கூடாது.

● எல்லா மறதியும் திரும்பாத மறதி இல்லை. பி12 குறைவு, தைராய்டு, தூக்கமின்மை, சில மாத்திரைகள் இவற்றாலும் வரும், கவனித்தால் சரியாகும். ஆகவே, அம்மாவையோ அப்பாவையோ மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கிக் கூட்டிப்போகும்போது, வீட்டில் கூடவே இருப்பவரையும் அழைத்துப் போங்கள். இருவரையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.