இட்லியைத் தொட்டால் சும்மா விடுவார்களா?

2020 அக்டோபரில் உணவு டெலிவரி நிறுவனமான சொமேட்டோ ட்விட்டரில் ஒரு கேள்வி போட்டது. ஊரே கொண்டாடுகிற எந்த உணவு உங்களுக்கு மட்டும் பிடிபடவில்லை என்பது கேள்வி. பிரிட்டனில் வரலாறு கற்பிக்கும் ஒருவர், உலகத்திலேயே சலிப்பான பண்டம் இட்லிதான் என்று பதில் எழுதினார். அவ்வளவுதான். தென்னிந்தியாவே திரண்டு வந்தது. எங்கே சாப்பிட்டீர், எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டீர் என்று விசாரணை நடந்தது. கேரள எம்.பி. சசி தரூர் களத்தில் இறங்கினார். மறுநாள் செய்தித்தாள்களில் இட்லிதான் செய்தி.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நாடாளுமன்றத்தில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறியிருந்தன. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தியது அவற்றில் ஒன்று. என்னையும் சேர்த்து, எனக்குத் தெரிந்தவர்களில் அந்தத் தொகுப்புகளை முழுதாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. இட்லியைப் பற்றி மட்டும் எல்லோரிடமும் கருத்து இருந்தது.

இது இணையம் வந்த பிறகு பிடித்த நோய் என்று நினைத்துவிட வேண்டாம். நார்த்கோட் பார்க்கின்சன் சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த காலத்தில், 1957ல் வெளியான தன் நூலில் ஒரு கற்பனைக் கூட்டத்தை விவரித்தார். கோடிக்கணக்கில் செலவாகும் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கிடைக்கிறது. ஊழியர்களுக்கான சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேர வாக்குவாதம். கூட்டத்தில் காபி கொடுக்கும் செலவுக்கு ஒன்றேகால் மணி நேரம்! அணு உலை யாருக்கும் புரியாது. கேள்வி கேட்டால் நம் அறியாமை வெளிப்பட்டுவிடும். காபி குடிக்காதவர் யார்?

ஆனால் தெரிந்த விஷயமாக இருந்தால் மட்டும் கூட்டம் சேராது. காலையில் பல் துலக்குவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. இட்லியைச் சப்பென்று சொன்னால் அம்மாவின் அடுப்படியையே சொன்னதுபோல இருக்கிறது. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பதற்றம் வருகிறது. ஒத்துப்போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு லைக்கைத் தட்டிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். மறுப்பவர்தான் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை இன்னொருவர் மறுக்க வேண்டும், மறுத்தவரின் எழுத்துப் பிழையை மூன்றாமவர் பிடிக்க வேண்டும். பத்தாவது பின்னூட்டத்தில் இட்லி காணாமல் போய், யார் எந்த ஊர்க்காரர் என்பதில் வந்து நிற்கும்.

இந்தச் சூட்டை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒருபாலினத் திருமணம், பருவநிலை மாற்றம் ஆகியவை பற்றிய ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்களை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசி 2017ல் முடிவை வெளியிட்டார்கள். அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால் பகிர்வு சுமார் 20 சதவீதம் கூடியது. அந்தப் பகிர்வுகள் பெரும்பாலும் சொந்த அணிக்குள்தான் சுற்றின என்பது எனக்கு இன்னும் சுவாரசியம். எதிரியைத் திட்டுவதுபோலத் தெரிகிறது. கைதட்டுவதோ நம் பக்கத்து நாற்காலிக்காரர்.

கைதட்டலுக்கு விலையும் வைத்தார்கள். 2017 முதல் ஃபேஸ்புக், யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று தீர்மானிக்கும்போது ஒரு கோப எமோஜியை ஐந்து லைக்குகளுக்குச் சமமாகக் கணக்கிட்டது. இதயம், சிரிப்பு, அழுகைக்கும் அதே மதிப்புதான். ஆனால் வம்புப் பதிவுகளுக்குக் கோபமே அதிகம் வந்ததால் அவையே மேலே மிதந்தன. கோபத்தின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில் பூஜ்ஜியமாக்கினார்கள். இவ்வளவும் வெளியே தெரிந்தது 2021ல், நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்தபோது. கோபத்துக்கு மதிப்பை நிறுத்தியதும் பொய்த் தகவலும் மனத்தைக் குலைக்கும் காட்சிகளும் குறைந்தனவாம், ஆனால் பயனர்களின் நடமாட்டம் குறையவில்லையாம். அப்படியானால் இத்தனை வருடம் எதற்காக எண்ணெய் ஊற்றினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இருந்தாலும், சூடு ஏற ஏறக் கூட்டமும் ஏறும் என்று கணக்குப் போட முடியாது. ஸோயி சென், ஜோனா பெர்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013ல் இதைக் காட்டினார்கள். ஓரளவு சர்ச்சை இருந்தால் பேச்சு கூடுகிறது. அந்த அளவைத் தாண்டினால் மனிதர்கள் சங்கடப்பட்டு ஒதுங்குகிறார்கள். பெயரை மறைத்துக்கொள்ள முடிந்தால் சங்கடம் குறைகிறது, ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் கூடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு ஆராய்ச்சி தேவையில்லை. தோசை முறுகலா மெத்தென்றா என்று கேட்டால் சித்தப்பா முதல் அமெரிக்காவிலிருக்கும் அத்தை மகன் வரை வந்துவிடுவார்கள். சாதி மாறிய கல்யாணத்தைப் பற்றி யாராவது ஒரு வரி போடட்டும். கொஞ்ச நேரம் மயான அமைதி, பிறகு பெரியம்மாவிடமிருந்து ஒரு ரோஜாப்பூ படம், ‘இனிய இரவு’.

நம் பட்டிமன்றக்காரர்களுக்கு இந்த அளவைப் பிடிப்பது கைவந்த கலை. கண்ணகியா மாதவியா, பணமா குணமா என்று தலைப்பு வைப்பார்கள். கேட்பவர் எவருக்கும் ஒரு பக்கம் இருக்கும், யாரும் வெட்டுக்குத்துக்குப் போக மாட்டார்கள். கடைசியில் நடுவர் தீர்ப்பு சொல்லிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இணையத்தில் அந்த நடுவர் நாற்காலி காலி. ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிரைக் குறிக்கும் ‘யோகர்ட்’ என்ற சொல்லில் ‘எச்’ எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற தகராறு 2003ல் தொடங்கி 2011ல்தான் ஓய்ந்தது. எட்டு வருடம், ஒரே ஓர் எழுத்து.

இட்லியைப் பழித்த வரலாற்று ஆசிரியர் என்ன ஆனார்? தென்னிந்தியாவையே கோபப்படுத்தியாயிற்று என்று மதியச் சாப்பாட்டுக்கு இட்லியே வரவழைத்தார். சாப்பிட்டுவிட்டு, மன்னிக்கவும், என் கருத்தில் மாற்றமில்லை என்று எழுதினார். அதற்கும் பதில்கள் வந்தன.