ரோமாபுரிக்கு ஐந்து நாள்

விடுமுறையில் ஐரோப்பாவுக்குப் போய்வர எண்ணுகிற நம்மவரில் பலர், இவ்வளவு பணம் செலவழித்துப் போகிறோமே, பாரிஸையும் ஜூரிச்சையும் சேர்த்தே பார்த்துவிடலாமே என்று ஆசைப்பட்டு, கிடைத்த பகற்பொழுதில் பாதியை ரயில் நிலையங்களிலும் விடுதி வாசல்களிலும் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ரோம் போன்ற மகாநகரத்துக்கு ஐந்து நாள் என்பதே சொற்பம். அந்த ஐந்து நாளையும் அந்நகரத்துக்கே கொடுக்க விரும்புகிறவர், விமானச்சீட்டின் விலையைப் பார்க்குமுன், அங்கே எத்தனை மணிக்குப் போய் இறங்குவோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து ரோமுக்கு நேர் விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ மாறலாம்; பிராங்க்பர்ட் வழியாகவும் போகலாம். ஷெங்கன் நாடுகளுக்குள் முதலில் எங்கே கால் வைக்கிறோமோ அங்கேயே குடிநுழைவுச் சோதனை நடக்குமாதலால், பிராங்க்பர்ட்டில் மாறுகிறவர் அந்த வரிசையைக் கடந்த பிறகே ரோம் விமானத்தை நோக்கி நடக்க முடியும். வளைகுடா வழியாக வருபவருக்கோ அது ரோமின் ஃபியூமிசினோ நிலையத்தில்தான். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அமலுக்கு வந்த புதிய முறையில், முதன்முறை நுழைகிறவரின் முகப்படத்தை எடுத்துப் பதிவு செய்கிறார்கள்; ஆகவே பிராங்க்பர்ட்டில் ஒன்றரை மணி இடைவெளியை நம்புவது விவேகமன்று, மூன்று மணியாவது வேண்டும். இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் அமைவது அதைவிட அவசியம். தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறும்போது புதுச்சீட்டின் செலவு நம் தலையில்தான் விழும். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானமாயின், சீட்டிலுள்ள தேதிக்கு முந்திய இரவே நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதையும் வீட்டார் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

மேற்கே போவது, கிழக்கே திரும்புவதைக் காட்டிலும் சரீரத்துக்கு இலகு. நம்மில் பெரும்பாலோரின் உள்கடிகாரம் 24 மணிக்குச் சற்று மேலாகவே ஓடுவதால், நாள் நீளுவதை உடல் எளிதில் ஏற்கிறது. கோடையில் ரோம் நமக்கு மூன்றரை மணி பிந்தியது. அங்கே இரவு எட்டரை என்றால் நம் உடலுக்கு நடுநிசி. பிற்பகலில் இறங்கி, அறையில் படுத்துவிடாமல் வெளிச்சம் மங்கும்வரை நடந்து, ஒன்பது மணிக்கு நித்திரைக்குப் போனால், விடியலுக்கு முன்பே விழிப்பு வரும். அதைக் குறையாக எண்ண வேண்டாம்: பகலில் தோள் இடிபடாமல் நிற்க முடியாத திரெவி நீரூற்றின் முன்னே, அவ்வேளையில் தண்ணீரின் இரைச்சலை நிம்மதியாகக் கேட்கலாம். 1870களிலிருந்து அந்நகரத் தெருக்களில் நிறுவப்பட்டுள்ள இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓயாமல் ஒழுகுகிறது. வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துவாரத்தின் வழியாக நீர் எழும்பி வாய்க்கே வரும். புட்டி நீர் வாங்க அவசியமே இல்லை.

வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், ஆனால் ஜனநெரிசல் சொல்லி மாளாது. கொலோசியத்துக்கு நேரம் குறித்த சீட்டை முன்னதாகவே வாங்கிவிட வேண்டும்.

விசா விஷயத்தில், முதலில் இறங்குவது ஜெர்மனியானாலும் அதிக நாள் தங்குவது இத்தாலியாகையால், இத்தாலிக்கே விண்ணப்பிக்க வேண்டும். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாள்வரை பொறுத்திருப்பது ஆபத்து. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கட்டாயம். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே, அதில் அனுமதித்த நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். இறங்கும் நாளும் புறப்படும் நாளும் அக்கணக்கில் சேரும்.