திறப்பைக் கொடுக்காதீர்கள்

சீனன்குடாவில், வீட்டுக் கணினியில் நான் எழுதிய முதல் நிரலைத் தோழிக்கு அனுப்பினேன். அதற்குள் எழுதியிருந்த என் கடவுச்சொல்லும் சேர்ந்தே போய்விட்டது. என் கணினியின் முகவரியைத் தேடிய நிரல் அவளிடத்தில் ஓடவுமில்லை.

இலங்கையில் உருவாகி 2017இல் அறிமுகமான பாலரீனா என்ற நிரல்மொழி இதற்கு வழி சொல்கிறது. ‘பல் ரன்’ என்று தட்டினால் நிரல் தொகுக்கப்பட்டு இயங்கும். கடவுச்சொல், முகவரி போன்ற மாறும் விவரங்களை ‘கொன்பிக்’ என்ற தனிக் கோப்பில் வைக்கலாம். தொடங்கும்போது நிரல் அதை வாசித்துக்கொள்ளும். கட்டாயமான விவரம் விடுபட்டால், எது இல்லையென்று சொல்லி ஓட மறுக்கும்.

ஆகவே நிரலை மட்டும் அனுப்பினால் போதும். தோழி தன் விவரங்களைத் தானே எழுதிக்கொள்வாள்.

தோழியரே, வீட்டின் வரைபடத்தைத் தாராளமாகக் கொடுங்கள். திறப்பு உங்களிடமே இருக்கட்டும்.