கோட்டை தெரியும், மதகு தெரியாது

பவானிசாகர் அணை நன்றாக வற்றிப்போகும் கோடைகளில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கோட்டை தலைகாட்டும். டணாய்க்கன் கோட்டை. போசளர் காலத் தண்டநாயகர்களின் பெயரைச் சுமக்கும் இடம். 1955-ல் அணை வேலை முடிந்தபோது கோட்டையும் அதற்குள் இருந்த மாதவப் பெருமாள் கோயிலும் நீருக்குள் போயின. சேறு அப்பிய கல்தூண்கள் வெளியே வந்துவிட்டால், சத்தியிலிருந்தும் கோபியிலிருந்தும் ஆட்கள் பரிசல் ஏறிப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மேட்டூரில் நீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலை தெரியும்.

அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஒரு தடவை ஸ்கூபா முழுகிவிட்டு வந்த கோவைப் பையனுக்கு அடுத்த ஆசை வருவது இயல்புதான். தண்ணீர் இருக்கும்போதே இறங்கி அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்த்தால் என்ன? இந்த ஆசையில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. உடம்பின் எடையே தெரியாமல், சொந்த மூச்சின் சத்தம் மட்டும் கேட்க மிதப்பது அருமையான அனுபவம். ஆனால் கடலில் கற்றுக்கொண்டதை அணைக்குக் கொண்டுவரக் கூடாது. அணை என்பது ஏரி போலத் தெரிகிற ஒரு இயந்திரம்.

அந்த இயந்திரத்தின் வாய்தான் மதகு. 10 மீட்டர் ஆழத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் திறப்பு இருக்கிறது, மறுபக்கம் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயை ஒரு மனித உடம்பு அடைத்துவிட்டால், அதன் மேல் விழும் அழுத்தம் சுமார் 930 கிலோ. பத்துப் பேர் கூடி இழுத்தாலும் வராது. பவானிசாகரின் முழு நீர்மட்டம் 105 அடி, அதாவது 32 மீட்டர். அந்த ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு.

இதைவிடக் கொடுமை, அந்த இழுப்பு முன்கூட்டித் தெரியாது என்பது. திறப்புக்கும் நமக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்தால் நீரின் வேகம் நான்கு மடங்காகும். பத்து மீட்டர் தள்ளி ஒன்றுமே தோன்றாது. ஐந்து மீட்டரில் லேசாகத் தோன்றும். ஒரு மீட்டரில் புரியும்போது நேரம் கடந்திருக்கும். மேலே தண்ணீர் அசைவதுகூடத் தெரியாது. முல்லைப் பெரியாறு அணையின் நீருக்கடிச் சுவரை ஆராயவே ஆளில்லா இயந்திரத்தைத்தான் இறக்கினார்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு ஆபத்து, நீச்சல் தெரியும் என்ற தைரியம். கொங்கு நாட்டில் பலரும் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில்தான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டி, மேலிருந்து மாமன் ஒருவர் தள்ளிவிட, நான் பழகியதும் அப்படித்தான். கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கும் இழுத்துப் போகாது, அடியில் வலை கிடக்காது. அணையிலோ முழங்கால் வரை உள்வாங்கும் வண்டல் இருக்கிறது, மீனவர்களின் வலை இருக்கிறது, அணை கட்டும் முன் நின்ற மரங்களின் அடிக்கட்டைகள் இருக்கின்றன. ஓர் அடி எடுத்து வைத்தால் கசம். கலங்கல் நீரில் கை நீட்டினால் விரல் தெரியாது. அமராவதி அணையில் சேற்று முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் முதலைகள் உண்டு.

முழுகி முடித்த பிறகும் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. இதை அதிகம் யாரும் சொல்வதில்லை. ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதனால்தான், பல தடவை முழுகியவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்பார்கள். மலை ஏறுவதும் அதே கணக்குத்தான். காலையில் பவானிசாகர், மதியம் மேட்டுப்பாளையம், சாயங்காலம் 2,200 மீட்டர் உயரத்தில் உதகை என்று திட்டம் போட்டால், மூட்டு வலி, மரத்துப்போதல், சில நேரம் பக்கவாதம் வரை போகலாம்.

அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. பில்லூர் அணையின் மின்நிலையம் மின்தேவை கூடும்போது ஓடும். அப்போது வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேட்டுப்பாளையத்தில் பவானி ஏறும். மழையே இல்லாமல் வெள்ளம் வரும் ஆறு அது. ஆற்று நடுவில் பாறை மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பவர், சுற்றிலும் தண்ணீர் வந்த பிறகுதான் பார்ப்பார். திட்டமிட்டுத் திறந்தால்தான் தண்ணீர் வரும் என்பதும் இல்லை. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று தானே பெயர்ந்துபோய், சுமார் 20,000 கன அடி வீதம் தண்ணீர் வெளியேறியது. அணை திறக்காவிட்டாலும் ஆறு ஆபத்துதான்: 2023 அக்டோபரில் வால்பாறைச் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் குளித்த கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள்.

இனி உரிமைகள். முதலில் ஒன்று: ஆழியாறு, பவானிசாகர், அமராவதி நீர்த்தேக்கங்களில் இறங்கிக் குளிக்கவே தடை. ஆகவே யாராவது அணையில் ஸ்கூபா அழைத்துப்போகிறேன் என்று பணம் கேட்டால், நீர்வளத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேளுங்கள். அணை புலிகள் காப்பகத்துக்குள் இருந்தால் வனத்துறை அனுமதியும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. நீச்சல்குளத்திலோ கடலிலோ என்றால், பயிற்சியாளரின் சான்றிதழ், சிலிண்டர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆஸ்துமா, காது, இதயக் கோளாறுகளைப் பற்றி உங்களிடம் கேட்காத இடத்தில் முழுகாதீர்கள்.

"எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் பார்த்துப் பல குடும்பங்கள் வழக்கே போட முடியாது என்று ஒதுங்கிவிடுகின்றன. அது தவறு. அலட்சியத்துக்கு அந்தத் தாள் கவசம் ஆகாது. 18 வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து ஒப்பந்தமே அல்ல. பணம் வாங்கிக்கொண்டு குறைபாடான சேவை தந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. வழி கேட்க 1915-ஐ அழைக்கலாம்.

அணையிலிருந்து எச்சரிக்கை இல்லாமல் தண்ணீர் விட்டதால் உயிர் போனால்? 2014 ஜூன் 8-ல் இமாச்சலத்தின் லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் திறந்த நீரில், சுற்றுலா வந்திருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் பியாஸ் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் தர வேண்டும், மின்வாரியமும் கல்லூரியும் மாநில அரசும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர்களைப் பஸ் பஸ்ஸாக ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் அனுப்பும் நம் கல்லூரிகள் இந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021, பெரிய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது. உங்கள் ஊர் ஆற்றங்கரையில் அபாயச் சங்கு இருக்கிறதா, கடைசியாக எப்போது ஊதிப் பார்த்தார்கள் என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

துக்க வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்று: உடலை அறுக்க வேண்டாம் என்று சொல்லி நேராக மயானத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். காவல் நிலையத்தில் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லையென்றால் இழப்பீடும் இல்லை, காப்பீடும் இல்லை. இறந்தவர் 18 முதல் 70 வயதுக்குள் இருந்தால் வங்கிப் பாஸ்புக்கைப் புரட்டுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டமாக இருக்கலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரும். நீரில் மூழ்கியதும் விபத்துதான். வங்கிக்குத் தாமதிக்காமல் போங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

கண்ணெதிரில் ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைத் தூக்கப் போய் இன்னொருவர், அவரைத் தூக்கப் போய் மற்றொருவர் என்று போவதால்தான் நீரில் மூழ்கிய செய்திகளில் மூன்று பேர், ஐந்து பேர் என்று வருகிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கே இருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி மூவரும் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது அந்த மூன்று பெண்களுக்கும் கொடுக்கப்பட்டது. அணைப் பக்கம் போகும்போது கார் டிக்கியில் ஐம்பதடிக் கயிறும், மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலிக் கேனும் போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு நுனியைக் கேனின் காதில் கட்டி, மறு நுனியைக் கரையில் ஒரு மரத்தில் முடிந்துவிட்டு வீசுங்கள். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் 112-ஐ அழைக்கட்டும்.